டெஸ் நான்கிவெல் விமானம் இறக்கிய கதை

டெஸ் நான்கிவெல் கட்டிய ரிமோட் விமானத்தை மூண்டா ஊரில் யாரும் குறை சொன்னதில்லை. அவர் அதைத் தரையிறக்கும்போது சிரிக்காமல் இருந்தவர்களும் இல்லை.

பல்செட் செய்வது அவர் தொழில். மூண்டா இருக்கும் அந்தத் தீபகற்பத்தில் வயதானவர்கள் யார் சிரித்தாலும் பாதி டெஸ் கைவேலையாக இருக்கும். ஓய்வு பெற்றபின் அந்தக் கை சும்மா இருக்க மறுத்தது. குளிர்காலம் பூராவும் கொட்டகையில் உட்கார்ந்து, பஞ்சு மாதிரி எடையில்லாத பால்சா மரத்தைப் பிளேடால் சீவி, இறக்கைக்கு விலா எலும்பு விலா எலும்பாக வெட்டி ஒட்டுவார். வசந்தம் வந்ததும் அதைப் பார்லி வயல்களுக்கு நடுவே இருக்கும் ரிமோட் விமானக் கிளப்பின் மைதானத்துக்குக் கொண்டு போவார். ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். விமானம் ஓடும், எழும்பும், அழகாகப் பறந்து போகும். திரும்பி வரும்போதுதான் வினை. விமானத்தின் மூக்கு நம்மைப் பார்த்து இருந்தால் அதன் இடது நமக்கு வலது. கிளப்பில் எல்லோருடைய கையும் அதைப் பழகிக்கொண்டது. டெஸ்ஸின் கை மட்டும் முப்பது வருஷமாகப் பழகவில்லை. வலப்பக்கம் சாய்ந்த விமானத்தை நிமிர்த்துகிறேன் என்று இன்னும் வலப்பக்கமே தள்ளுவார். அப்புறம் எல்லோரும் பார்லிக்குள் இறங்கித் துண்டு பொறுக்குவார்கள்.

அவர் மனைவி ரோஸ்லினின் தங்கை க்ளெனிஸ். மூண்டாவுக்கும் கடீனாவுக்கும் நடுவே பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவளை இரண்டு குச்சியை ஒட்டச் சொன்னால் விரலைத்தான் ஒட்டிக்கொள்வாள். ஆனால் பறப்பது எதுவானாலும் அவள் கையில் சொன்ன பேச்சுக் கேட்கும். கடையில் வாங்கிய மலிவான தெர்மாகோல் விமானத்தை வைத்துக்கொண்டு, காற்று அடிக்கிற நாளில்கூட, பூனை மதில்மேல் இறங்குகிற மாதிரி இறக்குவாள். அதற்காக யாரும் அவளைப் புகழ்ந்ததில்லை. தெர்மாகோலுக்கு எதற்குக் கைதட்டல் என்பது கிளப்பின் எண்ணம்.

அந்த வருஷம் டெஸ் கட்டியது டைகர் மாத் என்ற பழைய ரக விமானத்தின் மாதிரி. மேலொன்று கீழொன்றாக இரட்டை இறக்கை, நடுவில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கம்பிகள், பழைய பயிற்சி விமானங்களுக்கு இருந்த அதே மஞ்சள். இறக்கை ஓர் ஆள் நீளம். துணியை இழுத்து ஒட்டிப் பூச்சுப் பூசிய பிறகு விரலால் தட்டினால் மேளம் மாதிரி சத்தம் வந்தது. உள்ளே உட்காரும் பொம்மை விமானிக்கு பல்செட் பிசினில் பல் வைத்திருந்தார். அது எல்லோரையும் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.

க்ளெனிஸ் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"டெஸ், ஒரே ஒரு தடவை என்கிட்ட குடு. பத்திரமா திருப்பிக் குடுத்துடறேன்."

"கட்டினவன்தான் ஓட்டணும்."

"அந்தக் கணக்குப்படி பாத்தா, பல்லு செஞ்சவன்தான் கடிக்கணும்."

"போய் பஸ்ஸை ஓட்டு, போ," என்றார் டெஸ்.

அன்று சாயங்காலம் ரோஸ்லின் தங்கையைத் துணி காயப்போடும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். "போன வருஷம் அந்த நீலக்கலர் விமானம் விழுந்ததுக்கு டெஸ் மூணு வாரம் மூஞ்சிய தூக்கி வெச்சிருந்தான். சோறு தண்ணி இல்ல. கொட்டகையில உக்காந்து சுவரையே பாத்துக்கிட்டிருந்தான். இந்த மஞ்சளும் போச்சுன்னா என்னால அந்த மூஞ்சியோட குடித்தனம் பண்ண முடியாதுடி."

"அதுக்கு நான் என்ன பண்ண? கேட்டா குடுக்க மாட்டேங்கறான்."

"கேக்காம பண்ண முடியாதா?"

க்ளெனிஸ் கையிலிருந்த துணிக் கிளிப்பைக் கீழே வைத்தாள்.

முடியும். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. இரண்டு ரிமோட்டுகளைச் சேர்த்துவிடலாம். விமானம் உண்மையில் கற்றுத்தருபவரின் ரிமோட் சொல்வதைத்தான் கேட்கும். அவர் ஒரு விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஓட்டும் பொறுப்பு மாணவன் கைக்குப் போகும், விட்ட நொடியில் திரும்பி வந்துவிடும். டெஸ்ஸுக்குப் பசையும் பிளேடும் புரியும், ரிமோட்டின் சின்னத் திரையில் ஓடும் எழுத்துகள் புரியாது. வாங்கிய நாளிலிருந்து அதையெல்லாம் அமைத்துக் கொடுத்ததே க்ளெனிஸ்தான். சனிக்கிழமை அவர் மீன் பிடிக்க வாலரூ துறைக்குப் போன நேரம் பார்த்து அக்காவும் தங்கையும் கொட்டகைக்குள் நுழைந்தார்கள். டெஸ்ஸின் ரிமோட் மாணவன் ஆனது. க்ளெனிஸின் ரிமோட் எஜமான் ஆனது. பொம்மை விமானி பார்த்து இளித்துக்கொண்டிருந்தான்.

"இவன் யார்கிட்டயும் சொல்ல மாட்டான்ல?" என்றாள் ரோஸ்லின்.

ஞாயிற்றுக்கிழமை க்ளெனிஸ் தன் பிக்கப் வண்டியை ஓடுபாதை ஓரமாக நிறுத்தினாள். முதுகு பிடித்துக்கொண்டது, இறங்க முடியாது என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று. மடியில் கம்பளி, கம்பளிக்குள் ரிமோட். ரோஸ்லின் மடக்கு நாற்காலியைக் கதவோரமாகப் போட்டு, அகலத் தொப்பி ஒன்றை வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து யாருக்கும் உள்ளே தெரியாதபடி உட்கார்ந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டதால் வண்டிக்குள் அடுப்பு மாதிரி இருந்தது.

டெஸ் விமானத்தை எழுப்பினார். மஞ்சள் இறக்கை வெயிலில் மினுங்க அது பார்லிக்கு மேலே ஒரு சுற்று வந்தது. க்ளெனிஸ் விசையை அழுத்தியபடி அதைக் கண்ணால் தொடர்ந்தாள். எவ்வளவு லேசாக மிதக்கிறது. இப்படி ஒன்றைத் தன் கையால் கட்டுகிறவனுக்கு ஓட்ட வரவில்லையே என்று இருந்தது.

பிறகு டெஸ் அதைத் திருப்பினார். மூக்கு அவரைப் பார்த்து வந்தது. காற்று அதை வலப்பக்கம் சாய்த்தது. கிளப்பில் இரண்டு பேர் பழக்க தோஷத்தில் துண்டு பொறுக்கும் சாக்குப்பையை எடுத்தார்கள். க்ளெனிஸ் விசையை விட்டாள். இறக்கை நிமிர்ந்தது. டைகர் மாத் வேலிக்கு மேலே தாழ்ந்து வந்து, முன்சக்கரம் இரண்டும் ஒன்றாகப் புல்லைத் தொட, வாலை மெல்லக் கீழே வைத்து நின்றது.

சாக்குப்பைகள் கீழே இறங்கின. பக்கத்தில் நின்றவர்தான் முதலில் வாய் திறந்தார். "மாப்ள, அது நீயா?"

டெஸ் தன் கட்டைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "காத்து நல்லா இருந்துச்சு," என்றார்.

அத்தோடு முடிந்திருந்தால் அது ஒரு நல்ல காரியமாகவே போயிருக்கும். ஆனால் அடுத்த ஞாயிறும் விமானம் அதே மாதிரி இறங்கியது, அதற்கடுத்த ஞாயிறும் இறங்கியது. டெஸ்ஸின் நடை மாறிவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்து உச்சுக்கொட்ட ஆரம்பித்தார். கிளப் தலைவர் க்ளைவ் பாஸ்கோவிடமே, திரும்பும்போது அவசரப்படுகிறார் என்று குறை சொன்னார். க்ளைவ் விதிப்புத்தகத்தை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிற மனிதர். அவரே தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

இதையெல்லாம் க்ளெனிஸ் பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது நடந்ததுதான் பொறுக்க முடியாமல் போனது.

டெஸ் மாவுக்குள் பொதிந்து சுட்ட பேஸ்டியைக் கத்தியால் வெட்டி, உள்ளேயிருந்த உருளைக்கிழங்கும் இறைச்சியும் சரிகிறதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "க்ளெனிஸ், நீ தப்பா நெனைக்கலன்னா ஒண்ணு சொல்லவா?"

"சொல்லு."

"உன் இறக்கத்துல ஒரு முரட்டுத்தனம் இருக்கு. பஸ்ஸை ஸ்டாப்புல நிறுத்துற மாதிரி நிறுத்துற. விமானத்தை நிறுத்தக் கூடாது. அது தானா உக்காரணும். நாம கெஞ்சணும்."

"கெஞ்சணுமா?"

"கெஞ்சணும். எல்லாம் கையில இல்ல பாரு." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இங்க இருக்கு. முதுகு சரியானதும் சொல்லு, ஒரு நாள் சொல்லித் தரேன்."

மேஜைக்குக் கீழே ரோஸ்லின் தங்கையின் காலை மிதித்தாள். க்ளெனிஸ் தக்காளிச் சாஸ் புட்டியை எடுத்து, அடிப்பதற்குப் பதிலாக, தன் தட்டில் கவிழ்த்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் பழி வாங்கினாள். டெஸ் நேராக ஓட்டிக்கொண்டிருக்கும்போதே விசையை விட்டு, விமானத்தைச் சுருட்டின பாய் மாதிரி ஒரு உருட்டு உருட்டினாள். அவர் வெலவெலத்துப்போவார் என்று ஜன்னல் இடுக்கு வழியே ஆவலாகப் பார்த்தாள். டெஸ் கண்கூடச் சிமிட்டவில்லை.

"சும்மா ஒரு உருட்டு உருட்டிப் பாத்தேன்," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். "ரொம்ப நாளா யோசிச்சிக்கிட்டிருந்தேன்."

"மனுஷனா அவன்?" என்றாள் க்ளெனிஸ் வண்டிக்குள். "அக்கா, அவன் அதையும் எடுத்துக்கிட்டான்டி."

"சத்தம் போடாத. க்ளைவ் வரான்."

க்ளைவ் வந்தது டெஸ்ஸைத் தேடித்தான். அக்டோபரில் வரும் நீண்ட வாரக்கடைசி விடுமுறையில், கிளப்பை ஊருக்கெல்லாம் திறந்துவிடும் திறந்த நாள் வரும். ஊரே பார்க்க வரும். அன்றைக்குக் கடைசி நிகழ்ச்சி டெஸ்ஸும் டைகர் மாத்தும் என்று அவர் முடிவு செய்திருந்தார். டெஸ் ரொம்ப யோசிப்பவர்போலத் தாடையைத் தடவிவிட்டு ஒத்துக்கொண்டார்.

திறந்த நாளன்று சாசேஜ் சுடும் கூடாரத்திலிருந்து வெங்காய வாசனை மைதானம் பூராவும் அடித்தது. பள்ளிப் பேருந்துப் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். தங்கள் ஓட்டுநரம்மா ஏன் கொதிக்கிற வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு வண்டிக்குள்ளேயே இருக்கிறாள் என்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். ரோஸ்லின் அவர்களைத் தொப்பியால் விரட்டிக்கொண்டிருந்தாள்.

டெஸ் விமானத்தை எழுப்பி ஒரு சுற்று விட்டார். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். க்ளைவிடமிருந்து மைக்கை வாங்கிச் சட்டைக் காலரில் செருகிக்கொண்டார்.

"அடுத்தது," என்றது ஒலிபெருக்கி, "செங்குத்தா ஒரு வட்டம்."

க்ளெனிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாழ்நாளில் டெஸ் அதைப் போட்டதில்லை. போடத் தெரியாது. அவள் விசையை விட்டுவிட்டு வட்டம் போட்டாள். கூட்டம் கைதட்டியது.

"இப்ப எட்டு எழுதப் போறேன்."

எட்டு எழுதினாள்.

"இப்ப தலைகீழா, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும்."

"என்ன இவன், ஹோட்டல்ல ஆர்டர் பண்ற மாதிரி ஒண்ணொண்ணா சொல்லிக்கிட்டே போறான்," என்றாள் க்ளெனிஸ். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையில்லை. "அக்கா, இவனுக்கு என்ன ஆச்சு?"

"எனக்கென்னடி தெரியும். செய். எல்லாரும் பாக்கறாங்க."

தலைகீழாகவும் போனது. பொம்மை விமானி பிசின் பல்லைக் காட்டியபடி ஊருக்கெல்லாம் தலைகீழாகக் காட்சி கொடுத்தான்.

அப்போது டெஸ் பின்பாக்கெட்டிலிருந்து பெரிய கட்டம் போட்ட கைக்குட்டையை எடுத்தார். உதறினார். "இப்ப," என்றார், "கண்ணைக் கட்டிக்கிட்டு இறக்கப் போறேன்."

க்ளைவ் ஓடி வந்தார். "டெஸ், இது சரியில்ல. விதிப்படி..."

"கண்ணைப் பத்தி விதியில ஒரு வரி இருந்தா காட்டு."

க்ளைவ் சட்டைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். அவர் புரட்டிக்கொண்டிருக்கும்போதே டெஸ் கண்ணைக் கட்டி முடித்துவிட்டார். கட்டிய முகத்தோடு மெதுவாகத் திரும்பி, பிக்கப் வண்டி இருந்த பக்கமாக நின்றார். வாயில் ஒரு சின்னச் சிரிப்பு.

க்ளெனிஸ் ஜன்னல் இடுக்கில் வாயை வைத்தாள்.

"அக்கா. அவனுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும்."

"ரோஸ்லின்," என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது. அன்பான குரல். "ஒரு டீ ஊத்திக் குடும்மா. தொண்டை காயுது."

ஊர் முழுக்க ரோஸ்லினைப் பார்த்தது. அவளுக்கு வேறு வழியில்லை. பிளாஸ்கை எடுத்துக்கொண்டு நடந்து போனாள். ஊற்றும்போது பாதி புல்லில் போனது. டெஸ் ஒரு கையால் ரிமோட்டை ஒப்புக்குப் பிடித்துக்கொண்டு மறு கையால் கோப்பையை வாங்கினார். கண்கட்டோடு ஒரு வாய் உறிஞ்சினார். "சர்க்கரை கம்மி," என்றார். மைக் அதையும் ஊருக்குச் சொன்னது.

வண்டிக்குள் க்ளெனிஸுக்கு வந்த கோபத்தில் முதுகுவலி நிஜமாகவே வந்துவிடும்போல் இருந்தது. அத்தனை ஞாயிறுகள். அந்தக் கெஞ்சல் உபதேசம். அவள் இந்த அடுப்புக்குள் வெந்துகொண்டிருக்க, அவன் அங்கே டீ குடிக்கிறான். ஆனால் கோபத்துக்கு அடியில் அவளுக்குச் சிரிப்பும் பொங்கியது. இரண்டையும் அடக்கிக்கொண்டு விமானத்தைத் தூரமாகக் கொண்டுபோனாள். பார்லி வயல் கோடியில் திருப்பினாள். தாழ்த்தினாள். நேராக டெஸ்ஸின் முதுகுப்பக்கமாகக் கொண்டுவந்தாள்.

க்ளைவ் புத்தகத்தோடு குப்புற விழுந்தார். ரோஸ்லின் பிளாஸ்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சத்தம் நெருங்குவதைக் கேட்ட டெஸ் கழுத்தை ஆமைபோல் உள்ளே இழுத்துக்கொண்டார். சக்கரங்கள் அவர் தொப்பிக்கு ஒரு முழம் மேலே சீறிக்கொண்டு போயின. டீ முழுவதும் சட்டையில். கூட்டம் எழுந்து நின்று விசிலடித்தது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு அங்கம் என்று நினைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு க்ளெனிஸ் விமானத்தை அதன் வாழ்நாளிலேயே மிக மென்மையாக இறக்கினாள். புல்கூட மடங்கியிருக்காது.

கைகுலுக்கல்கள் எல்லாம் ஓய்ந்து டெஸ் வண்டிக்கு வர நேரமாயிற்று. சட்டை நெஞ்சில் ஒட்டியிருந்தது. ஜன்னலைத் தட்டினார். க்ளெனிஸ் கண்ணாடியை இறக்கினாள்.

"முதுகு எப்படி இருக்கு?"

"டீ எப்படி இருந்துச்சு?"

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது ரோஸ்லின்தான். சிரிப்பு நிற்காமல் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பத்திலிருந்து தெரியும்?" என்றாள் க்ளெனிஸ்.

"மொத ஞாயித்துக்கிழமையிலிருந்து."

"பொய்."

"முப்பது வருஷமா நான் தப்பான பக்கம் தள்ளுறேன், அது தப்பான பக்கம் விழுது. அன்னைக்கும் அதே பக்கம்தான் தள்ளினேன். என் விரலுக்குத் தெரியாதா? அது நிமிருது. நான் தள்ளுறேன், அது நிமிருது. திரும்பிப் பாத்தேன். உங்க அக்கா இத்தாம் பெரிய தொப்பிய வெச்சுக்கிட்டு வாசக்கதவு மாதிரி உக்காந்திருந்தா."

"அப்புறம் எதுக்கு எனக்குப் பாடம் எடுத்த? கெஞ்சணுமாம்ல?"

"உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கறதுக்கு," என்றார் டெஸ். பிறகு தொப்பியைக் கழற்றி, அதன் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இன்னொண்ணும் இருக்கு. என் கையில இருக்கும்போது அது பறக்கிறத நான் பாத்ததே இல்ல க்ளெனிஸ். எங்க விழும்னுதான் பாத்துக்கிட்டிருப்பேன். இந்த ஒரு மாசமாத்தான் பாக்கறேன். திரும்பும்போது கீழ் இறக்கை வெயில்ல எப்படி இருக்கு தெரியுமா? துணிக்குள்ள விலா எலும்பு ஒவ்வொண்ணும் தெரியுது. அதை விட்டுக்குடுக்க மனசு வரல, அதான் சொல்லல."

க்ளைவ் முழங்காலில் புல் ஒட்டியபடி வந்துகொண்டிருந்தார். க்ளெனிஸ் ரிமோட்டைக் கம்பளிக்குள் தள்ளினாள்.

"டெஸ், இனிமே கண்ணைக் கட்டக் கூடாதுன்னு விதி கொண்டுவரப் போறேன்."

"கொண்டுவா."

"கொண்டுவரத்தான் போறேன்." க்ளைவ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு மட்டும் சொல்லு. எப்படிச் செஞ்ச?"

"சத்தத்தை வெச்சுத்தான்."

"சத்தத்தை வெச்சு," என்று க்ளைவ் மரியாதையோடு திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

கூட்டம் கலைந்தது. கூடாரத்தை மடித்துக் கட்டினார்கள். வளைகுடாப் பக்கமிருந்து வந்த காற்றும் அடங்கியிருந்தது. டெஸ் புது பேட்டரி ஒன்றை விமானத்துக்குள் மாட்டிவிட்டு க்ளெனிஸிடம் வந்தார்.

"ஒரு சுத்து குடு. விசையை அழுத்திப் பிடிச்சுக்க. என்ன ஆனாலும் விடாத."

"விழுந்துடும், டெஸ்."

"விழட்டும். விட மாட்டேன்னு சொல்லு."

க்ளெனிஸ் அக்காவைப் பார்த்தாள். ரோஸ்லின் வானத்தைப் பார்த்தாள். "சரி, விடல," என்றாள் க்ளெனிஸ்.

இந்த முறை அவள் வண்டிக்குள் ஒளியவில்லை. அவர் பக்கத்திலேயே நின்று, விசையைக் கட்டைவிரல் வெளுக்கிறவரைக்கும் அழுத்தினாள். டெஸ் ஒரு பெரிய சுற்று விட்டார். பிறகு திருப்பினார். மூக்கு அவர்களைப் பார்த்து வந்தது. வலப்பக்கம் சாய்ந்தது. டெஸ்ஸின் விரல் வலப்பக்கம் போவதைப் பார்த்தாள். அவள் விரல் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். அவர் விரல் பாதியில் நின்றது, தயங்கியது, பிறகு மனசில்லாமல் மறுபக்கம் போனது. விமானம் ஏறக்குறைய நிமிர்ந்தது. ஏறக்குறைய ஓடுபாதையில் இறங்கியது. ஒரு குதி குதித்து, இன்னொரு குதி குதித்து, ஓடுபாதைக்கு வெளியே வேலிக் கம்பத்தில் மோதி நின்றது. சக்கரம் ஒன்று தனியாக உருண்டு போய்ப் பார்லிக்குள் மறைந்தது. கீழ் இறக்கை ஒன்று மடங்கித் தொங்கியது.

மூன்று பேரும் நடந்து போய்ப் பார்த்தார்கள். ரோஸ்லின் கணவனின் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். மூன்று வாரத்துக்கான முகம் அங்கே இல்லை.

டெஸ் குனிந்து விமானத்தைத் தூக்கினார். உடைந்த இறக்கையைக் க்ளெனிஸ் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இது என்னோடது," என்றார் டெஸ். "மத்ததுக்கெல்லாம் நீ பங்கு எடுத்துக்க. இந்த இறக்கத்துக்கு மட்டும் பங்கு கேக்காத."